சரியாகக் காட்டுகிறதா என்று கேட்கிறோம். எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறது என்று கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓர் ஆலையில் விபத்து நடந்தாலோ, உணவுப் பொருளின் தரம் பற்றிப் புகார் எழுந்தாலோ நிர்வாகத் தரப்பிலிருந்து தவறாமல் ஒரு விளக்கம் வரும்: “எங்கள் கருவிகள் அனைத்தும் முறைப்படி கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்யப்பட்டவை.” நாளிதழ்களிலும் அது அப்படியே அச்சாகிறது. பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் வெப்பநிலை சென்சாரைப் பொறுத்தவரை கேலிப்ரேஷன் சான்றிதழ் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. 100 டிகிரியில் அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் சென்சார் 100 என்று காட்டுமா என்பதை அது சொல்லும். வெப்பநிலை 100-லிருந்து 120-க்குத் தாவினால் அந்த 120-ஐ எத்தனை நொடி கழித்துக் காட்டும் என்பதைச் சொல்லாது. ஆலையில் ஆபத்து வருவது வெப்பநிலை மாறும்போது என்பதால், இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எந்த சென்சாரும் சுற்றியுள்ள திரவத்தின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை; தன்னுடைய வெப்பநிலையைத்தான் காட்டுகிறது. திரவத்திலிருந்து வெப்பம் அதன் உலோக உறைக்குள் நுழைந்து, உள்ளே அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூளைக் கடந்து, பிளாட்டினச் சுருளையோ தெர்மோகப்பிளின் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த சென்சார்) முனையையோ சூடாக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பழைய பாதரசக் காய்ச்சல்மானியை நாக்குக்கு அடியில் சில நிமிடம் வைத்திருக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

இந்தத் தாமதத்துக்கு ஒரே ஓர் எண்ணில் அளவு உண்டு. ஆலைகளில் அதை டைம் கான்ஸ்டன்ட் என்பார்கள். திடீர் மாற்றத்தில் 63.2 சதவீதத்தை எட்ட ஆகும் நேரம் அது. 30 டிகிரியில் இருக்கும் சென்சாரை 80 டிகிரி நீரில் அமிழ்த்தினால் வித்தியாசம் 50 டிகிரி, அதில் 63.2 சதவீதம் 31.6, ஆகவே 61.6 டிகிரி காட்டும் நொடிதான் டைம் கான்ஸ்டன்ட். அதைப்போல் இரண்டு மடங்கு நேரத்தில் 86.5 சதவீதம், மூன்று மடங்கில் 95, ஐந்து மடங்கில் 99.3 சதவீதம் வந்துசேரும். டைம் கான்ஸ்டன்ட் 20 நொடி என்றால் மாற்றம் முழுதாகத் தெரிய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 20 நொடியில் எல்லாம் முடிந்துவிடும் என்றே நினைக்கிறார்கள்.

வெப்பநிலை தாவாமல் சீராக ஏறிக்கொண்டே போனால் கணக்கு இன்னும் எளிது. ஏறும் வேகத்தை டைம் கான்ஸ்டன்ட்டால் பெருக்கினால் சென்சார் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று வந்துவிடும். நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறும் இடத்தில் 30 நொடி சென்சார் எப்போதும் 5 டிகிரி குறைவாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதன் கேலிப்ரேஷன் சான்றிதழில் பிழை 0.2 டிகிரி என்று இருக்கலாம். இரண்டுமே உண்மை.

விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஒரு நிறுவனம் பாதி மாற்றத்தை எட்டும் நேரத்தைப் போடும். இன்னொன்று 63.2 சதவீதத்தையும், வேறொன்று 90 சதவீதத்தையும் போடும். எல்லாவற்றுக்கும் பெயர் ‘ரெஸ்பான்ஸ் டைம்’தான். எளிய சென்சாரில் பாதியை எட்டும் நேரம் டைம் கான்ஸ்டன்ட்டின் 0.69 பங்கு, 90 சதவீதத்தை எட்டும் நேரம் 2.3 மடங்கு. அதாவது ஒரே சென்சாரை ஒருவர் 3 நொடி என்றும் இன்னொருவர் 10 நொடி என்றும் விற்கலாம்; இருவர் சொல்வதும் பொய்யில்லை. பிளாட்டின சென்சாருக்கான ஐ.இ.சி. 60751 தரநிலை 50, 90 என்ற இரண்டு சதவீதங்களையும் சோதிக்கும் முறையைச் சொல்கிறது. அமெரிக்கப் பட்டியல்கள் 63.2-ஐயே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எதில் சோதித்தார்கள் என்பது அதைவிட முக்கியம். பட்டியலில் இருக்கும் எண் ஓடும் நீரில் எடுத்தது. 6 மி.மீ. விட்டமுள்ள பிடி-100 என்ற பிளாட்டின சென்சார் ஓடும் நீரில் நான்கைந்து நொடியில் பாதியை எட்டும். அதையே நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் வைத்தால் நேரம் பல மடங்கு, பெரும்பாலும் பத்து மடங்கை ஒட்டி, கூடிவிடும். அசையாத காற்றில் இன்னும் மோசம். நீரைப் போல் காற்று வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டாது. அடுப்பு, உலர்த்தும் அறை, காற்றுக் குழாய் எதுவானாலும் நீருக்கான எண்ணைப் பார்த்து சென்சார் வாங்கியவர்கள் பிறகு கன்ட்ரோலரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மெலிந்த சென்சார் வேகமானது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. 1.5 மி.மீ. தெர்மோகப்பிளின் முனை உறையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் நீரில் அதன் டைம் கான்ஸ்டன்ட் அரை நொடிக்கும் குறைவு. 3 மி.மீ. என்றால் ஒரு நொடிக்குள். 6 மி.மீ. என்றால் இரண்டு நொடியைச் சுற்றி. முனையை உறையிலிருந்து பிரித்து வைத்த ரகத்தில் இந்த நேரம் ஒன்றரை, இரண்டு மடங்காகும். மோட்டார் வேகத்தை மாற்றும் வேரியபிள் டிரைவ்கள் நிறைந்த ஆலையில், உறையோடு ஒட்டிய தெர்மோகப்பிளில் மின் இரைச்சல் ஏறி அளவு ஆடும். உடனே மின் பிரிவு ஆட்கள் பிரித்து வைத்த ரகத்துக்கு மாற்றிவிடுவார்கள். இரைச்சல் நின்றுவிடும், சென்சாரும் மெதுவாகிவிடும், டிரிப் (ஆபத்து வந்தால் ஆலையைத் தானே நிறுத்தும் ஏற்பாடு) பட்டியலில் யாரும் எதையும் திருத்த மாட்டார்கள்.

ஆனால் இத்தனையும் சில்லறைக் கணக்கு. பெரிய தாமதம் தெர்மோவெல்லில் இருக்கிறது.

அழுத்தமும் ஓட்டமும் உள்ள குழாய்க்குள் சென்சாரை வெறுமனே நீட்ட முடியாது. ஒரு முனை மூடிய, கெட்டியான ஸ்டீல் குழலைக் குழாயில் பொருத்தி அதற்குள் சென்சாரைச் செருகுவார்கள். திரவத்தைத் தொடுவது அந்தக் குழல்தான். நல்ல தெர்மோவெல்லில், சரியாகப் பொருந்திய 6 மி.மீ. சென்சாருக்கு டைம் கான்ஸ்டன்ட் 20 நொடிக்குக் கீழே வருவது அபூர்வம். 30, 40 நொடி சாதாரணம். பொருத்தம் கெட்டால் ஒரு நிமிடத்தையும் தாண்டும்.

கெடுவதற்கு வழிகள் பல. தெர்மோவெல்லின் துளை 9 மி.மீ., ஸ்டோரில் இருந்தது 6 மி.மீ. சென்சார், அதையே செருகிவிடுவார்கள். சுற்றிலும் ஒன்றரை மி.மீ. காற்று. காற்றைவிட நல்ல வெப்பத்தடை ஆலையில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அல்லது நீளம் குறைந்த சென்சார்: முனை அடியைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். ஸ்பிரிங் வைத்த இன்செர்ட் (உள்ளே செருகும் சென்சார்) வாங்குவதே முனை எப்போதும் அடியில் அழுந்தி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒருமுறை கழற்றி மாட்டும்போது ஸ்பிரிங்கை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு அது வேறு சென்சார். வெப்பம் கடத்தும் பசையைத் தடவினால் இடைவெளி நிரம்பும், நேரம் நன்றாகக் குறையும். ஆனால் சாதாரண சிலிகான் பசை 200 டிகிரியைச் சுற்றிக் காய்ந்து கட்டியாகிவிடும். பிறகு வெப்பமும் கடத்தாது, சென்சாரும் வெளியே வராது. நீராவிக் குழாயின் தெர்மோவெல்லில் எண்ணெய் ஊற்றும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் கரியாகும் அல்லது ஆவியாகி வெளியே சீறும். அதைச் செய்யவே கூடாது. வெளிப்புறத்தில் படியும் செதிலும் பால் கல்லும் தங்கள் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும்.

இப்போது கேலிப்ரேஷன் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சென்சாரைத் தெர்மோவெல்லிலிருந்து உருவி எடுப்பார்கள். லேபில் டிரை பிளாக் என்ற சூடாக்கும் உலோகக் கட்டியிலோ எண்ணெய்த் தொட்டியிலோ வைத்து, வெப்பநிலை நிலைத்து நிற்கும் வரை காத்திருந்து அளவு குறிப்பார்கள். துளையின் இடைவெளி, ஸ்பிரிங், பசை, செதில் என்று தாமதத்தை உண்டாக்கும் ஒவ்வொன்றும் குழாயிலேயே தங்கிவிடுகிறது. நிலைக்கும் வரை காத்திருப்பதால் மிச்சமிருக்கும் தாமதமும் கணக்கில் வராது. லேபின் மேல் குறையில்லை. அவர்களிடம் கேட்டது துல்லியம், அவர்கள் கொடுத்ததும் துல்லியம்.

தெர்மோவெல்லை மெலிதாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு எல்லை உண்டு. ஜப்பானின் மொஞ்சு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று இரண்டாம் நிலை சோடியக் குழாயில் இருந்த தெர்மோவெல் ஒன்று, ஓட்டம் உண்டாக்கிய அதிர்வில் உடைந்தது. அந்த வழியாகச் சூடான சோடியம் கசிந்து தீப்பிடித்தது. உலை பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தெர்மோவெல்லுக்கென்றே தனியாகப் பி.டி.சி. 19.3 டி.டபிள்யூ. தரநிலையை 2010-ல் வெளியிட்டது. ஓட்ட வேகம், நீளம், அடிவிட்டம், முனைவிட்டம் எல்லாம் சேர்த்து அதில் கணக்குப் போட வேண்டும். ஆகவே வேகம் வேண்டுமென்று லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடக் கூடாது. முனையை மட்டும் படியாகக் குறைத்த ரகத்தைக் கணக்கோடு வாங்கலாம். துளையை இன்செர்ட்டுக்கு நெருக்கமாகக் கேட்கலாம். இரண்டாவது வழிக்குச் செலவே கிடையாது.

இந்தத் தாமதம் எங்கே சுடும் என்பதற்கு, நாம் தினமும் குடிக்கும் பாலையே எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட் பால் 72 டிகிரியில் குறைந்தது 15 நொடி இருக்க வேண்டும் என்பது விதி. பால் அந்த 15 நொடி ஓடும் பிடிப்புக் குழாயின் முடிவில் ஒரு சென்சார் இருக்கும். வெப்பம் 72-க்குக் கீழே போனால் திசைமாற்றும் வால்வு பாலைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். ஆலை 74 டிகிரியில் ஓடுகிறது, நீராவி தடைபட்டு அந்த இடத்தில் பாலின் வெப்பம் நொடிக்கு அரை டிகிரி வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது நொடியில் பால் 72-க்கு வந்துவிட்டது. 4 நொடி டைம் கான்ஸ்டன்ட் உள்ள சென்சார் 72-ஐக் காட்டுவது சுமார் 7.4-வது நொடியில். 20 நொடி சென்சார் என்றால் 14-வது நொடியில். அப்போது பாலின் உண்மையான வெப்பம் 67 டிகிரி. மணிக்கு 10,000 லிட்டர் ஓட்டும் ஆலையில், முதல் சென்சார் இருந்தால் 10 லிட்டருக்கும் குறைவாகத் தப்பும். இரண்டாவது இருந்தால் ஏறத்தாழ 28 லிட்டர் போதிய சூடில்லாமல் பாக்கெட் பக்கம் போய்விடும். அந்த 28 லிட்டர் பெரிய தொட்டியில் கலந்துவிடும். வரைபடத்திலோ 72 வந்தது, வால்வு திரும்பியது, எல்லாம் முறைப்படி நடந்ததாகவே பதிவாகியிருக்கும்.

பால் துறையில் இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ‘கிரேடு ஏ பாஸ்டரைஸ்டு மில்க் ஆர்டினன்ஸ்’ வேகத்துக்கென்றே சோதனை வைத்திருக்கிறது. தெர்மாமீட்டரைச் சூடான தொட்டியில் இறக்கி, தொட்டியைவிட 19 ஃபாரன்ஹீட் டிகிரி குறைவாகக் காட்டும்போது கடிகாரத்தைத் தொடங்கி, 7 டிகிரி குறைவாகக் காட்டும்போது நிறுத்த வேண்டும். 4 நொடியைத் தாண்டக் கூடாது. பதிவு செய்து வால்வை இயக்கும் கருவிக்கு 5 நொடி. இந்த 19-உம் 7-உம் ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. இடையே ஏறுவது 12 டிகிரி. 12-ஐ 19-ஆல் வகுத்தால் 0.632. அதாவது இது டைம் கான்ஸ்டன்ட் சோதனையேதான்; கணக்குத் தெரியாத இன்ஸ்பெக்டரும் செய்யும்படி ஒரு தொட்டி, ஒரு ஸ்டாப்வாட்ச் என்று இறக்கிவைத்திருக்கிறார்கள். 72 டிகிரியில் திரும்பும் நம் ஆலைகளுக்கு, தொட்டியை 76-ல் வைத்து 65-லிருந்து 72 வரை நேரம் பார்த்தால் அதே சோதனை ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை.

ரசாயன ஆலைகளில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. கண்ணாடிப் பூச்சு உள்ள ரியாக்டரில் (வினை நடக்கும் கலன்) சென்சாரும் கண்ணாடிப் பூச்சு போட்ட குழலுக்குள் இருப்பது வழக்கம். அங்கே டைம் கான்ஸ்டன்ட் நிமிடக் கணக்குக்குப் போகும். இரண்டு நிமிடம் என்று கொள்வோம். வெப்பம் உமிழும் வினை கைமீறி நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறினால், திரையில் 90 தெரியும்போது உள்ளே 110. டிரிப் 90-ல் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் ஆறுதல் தராது. இத்தகைய வினைகளில் வெப்பநிலையோடு, அது நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதையும் அலாரமாக வைப்பது நல்லது. மெதுவான சென்சாரும் ஏறும் வேகத்தைச் சீக்கிரமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். டேன்டலம் உலோக முனை வைத்த வேகமான ரகங்களும் கண்ணாடி ரியாக்டருக்கென்றே கிடைக்கின்றன. விலை அதிகம்தான்.

மெதுவான சென்சாருக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு: அது ஆட்டத்தை மறைத்து, வரைபடத்தை அழகாக்கிவிடும். ஒரு குழாயில் வெப்பநிலை நிமிடத்துக்கு ஒருமுறை 5 டிகிரி மேலும் கீழும் ஆடுகிறது என்று வையுங்கள். 3 நொடி சென்சார் 4.8 டிகிரி ஆட்டத்தைக் காட்டும். 20 நொடி சென்சார் 2.2 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளும். தணிக்கைக்கு வருபவர் இரண்டாவது வரைபடத்தைப் பார்த்துத்தான் ‘கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவார். பழைய சென்சாரை மாற்றி வேகமானதைப் பொருத்திய மறுநாள் ‘புது சென்சார் சரியில்லை, ஆடுகிறது’ என்று புகார் வருவதும் இதனால்தான். அந்த ஆட்டம் முன்பிருந்தே அங்கே இருந்தது.

பி.ஐ.டி. லூப்பில் (சென்சாரின் அளவைப் பார்த்து கன்ட்ரோலர் தானாகத் திருத்தும் சுற்று) சென்சாரின் தாமதம் கன்ட்ரோலரையும் சோம்பேறியாக்கும். செய்தி தாமதமாக வருவதால், வேகமாக டியூன் செய்தால் லூப் ஊசலாடும். அதற்குப் பயந்து மெதுவாக டியூன் செய்வார்கள். அனல் மின் நிலையத்தில் சூப்பர்ஹீட்டர் நீராவியை 540 டிகிரியைச் சுற்றி நிறுத்த நீர் தெளிக்கும் இடத்தில், தெளித்த உடனே ஒரு சென்சார், கடைசியில் ஒரு சென்சார் என்று இரண்டு லூப்புகளைக் கோப்பது இந்தத் தாமதத்தைச் சமாளிக்கத்தான். இறுதியில் இருக்கும் கனத்த தெர்மோவெல்லை மட்டும் நம்பினால், அது சொல்லி முடிப்பதற்குள் குழாய் சூடேறிவிடும்.

சென்சாரோடு கதை முடிவதில்லை. சென்சாரின் அளவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில், ஆட்டத்தை மட்டுப்படுத்த டேம்பிங் என்று ஒரு செட்டிங் உண்டு. அளவு ஆடுகிறது என்று யாராவது புகார் சொன்னால் அதை 10, 20 நொடி என்று கூட்டிவைப்பது சுலபமான மருந்து. அடுத்து பி.எல்.சி. (ஆலையை இயக்கும் கணினி) கார்டில் ஒரு ஃபில்டர். பிறகு அலாரத்துக்கு 10 நொடி டிலே. பதிவு நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள், வேறு வேறு காலத்தில், நியாயமான காரணத்துக்காக வைத்திருப்பார். மொத்தத் தாமதம் இவை எல்லாவற்றின் கூட்டுத்தொகையை ஒட்டி வரும். அதை எழுதிவைத்த ஒரு தாளை ஆலைகளில் பார்ப்பது அரிது. சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செலவழிக்கும் முன், டேம்பிங்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

எல்லா இடத்திலும் வேகம் வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய எண்ணெய்த் தொட்டியில் ஒரு நிமிடத் தாமதத்தால் ஒன்றும் கெடாது. திருப்பூரின் சாயத் தொட்டியில் நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றும்போது 30 நொடி சென்சார் பின்தங்குவது 1 டிகிரிதான். அங்கே எல்லா மெஷினும் ஒரே மாதிரி பின்தங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு மெஷினில் மட்டும் சென்சார் மாறினால் ஷேடு மாறும். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வேண்டுமென்றே சென்சாரை கிளைகோல் என்ற திரவம் நிரப்பிய சிறு குப்பிக்குள் வைக்கிறார்கள். கதவைத் திறந்தால் காற்று சூடாகிவிடும், ஆனால் மருந்துக் குப்பி அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. மருந்தின் வெப்பநிலைதானே வேண்டும். வேகமான சென்சார் அங்கே நாள் முழுவதும் பொய் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும். கோவையின் வார்ப்பாலைகளில் உருகிய இரும்பில் அமிழ்த்தும் ஒருமுறை முனைகள் சில நொடியில் அளவு சொல்லிவிடும். அந்தச் சூட்டில் நிற்க மனமில்லாமல், எண் நிலைக்கும் முன் உருவிவிட்டால் குறைவாகத்தான் காட்டும்.

திசையையும் கவனிக்க வேண்டும். டின் உணவுகளைக் கிருமிநீக்கம் செய்யும் ரிட்டார்ட்டில் சூடேறும்போது மெதுவான சென்சார் குறைவாகக் காட்டும். அதனால் கெடுதல் இல்லை. குளிரும்போது அதே சென்சார் அதிகமாகக் காட்டும். அந்த அளவை வைத்துக் கிருமி அழிவைக் கணக்கிட்டால் நடக்காத அழிவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதைச் சோதிக்கப் பெரிய லேப் தேவையில்லை. 15 லிட்டர் பாத்திரம், மூடி, நீரைச் சுழற்ற ஒரு சிறு பம்பு, 80 டிகிரி நீர், உண்மை வெப்பநிலையைப் பார்க்க நம்பகமான ஒரு தெர்மாமீட்டர், செல்போன் போதும். சென்சாரைத் தனியாகச் சோதிக்கக் கூடாது. தெர்மோவெல்லோடு, ஆலையில் எப்படிப் பொருத்தியிருக்கிறதோ அப்படியே எடுக்க வேண்டும். அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, டிஸ்பிளேயையும் ஓடும் ஸ்டாப்வாட்ச்சையும் ஒரே சட்டத்தில் வீடியோ எடுத்துக்கொண்டே மூடியைத் திறந்து சட்டென்று இறக்க வேண்டும். நீரின் மேல் ஆவியில் பிடித்துக்கொண்டு தயங்கினால் அங்கேயே சூடேறத் தொடங்கிவிடும், நேரம் குறைவாக வரும். நீர் அசையாமல் இருந்தால் நேரம் கூடுதலாக வரும். ஒரு கிலோ எடையுள்ள தெர்மோவெல் 15 லிட்டர் நீரின் வெப்பத்தை அரை டிகிரிக்கும் குறைவாகத்தான் இறக்கும். இரண்டு லிட்டர் பாத்திரத்தில் செய்தால் மூன்று டிகிரி இறங்கி, கணக்கே தப்பாகிவிடும். அறை வெப்பம் 30 என்றால் 55, 61.6, 75 ஆகிய மூன்று புள்ளிகளை எட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் பாதி, 63.2, 90 சதவீதம் மூன்றும் கையில் வந்துவிடும். மூன்று முறை செய்து, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் செய்முறையில் ஏதோ தவறு.

முதல் சில நொடி டிஸ்பிளே அசையவே இல்லையென்றால் அது தெர்மோவெல்லின் கனமும் இடைவெளியும். 90 சதவீதத்துக்கான நேரம் பாதிக்கான நேரத்தைவிட நான்கைந்து மடங்கு நீண்டால் முனை அடியைத் தொடவில்லை என்று சந்தேகிக்கலாம். புதிதாக வாங்கியபோது ஒருமுறை செய்து அந்த எண்ணை லூப் ஃபைலில் எழுதிவைத்தால், அடுத்த ஷட்டவுனில் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை கிடைத்துவிடும். முழு லூப்பின் தாமதம் வேண்டுமானால் அதே வீடியோவை கன்ட்ரோல் ரூம் திரையை வைத்து எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டேம்பிங், ஃபில்டர் எல்லாம்.

கழற்றவே முடியாத இடங்களுக்கும் வழி இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் அணு உலைகளுக்காக உருவாக்கிய முறை அது. பிளாட்டின சென்சாரில் (ஆர்.டி.டி.) வழக்கமாகச் செலுத்தும் ஒரு மில்லி ஆம்பியருக்குப் பதிலாகச் சில பத்து மில்லி ஆம்பியர் செலுத்தி உள்ளிருந்தே சூடாக்கி, அது சூடாகும் வளைகோட்டிலிருந்து டைம் கான்ஸ்டன்ட்டைக் கணக்கிடுகிறார்கள். தெர்மோவெல், இடைவெளி, உண்மையான ஓட்டம் எல்லாம் அப்படியே கணக்கில் வரும். நம் அனல் மின் நிலையங்களுக்கும் பெரிய ரசாயன ஆலைகளுக்கும் இது எட்டாத தொழில்நுட்பம் இல்லை.

பர்ச்சேஸ் ஆர்டரில் ‘பிடி-100, கிளாஸ் ஏ, 6 மி.மீ., நீளம் இவ்வளவு’ என்று எழுதும் இடத்தில் இன்னொரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்: ‘தெர்மோவெல்லோடு சேர்த்து, ஓடும் நீரில், 63.2 சதவீதத்துக்கு இத்தனை நொடிக்கு மேல் ஆகக் கூடாது. சோதனை அறிக்கை இணைக்கவும்.’ எத்தனை நொடி என்பதை ஆலைதான் முடிவுசெய்ய வேண்டும். அதிகபட்சம் எந்த வேகத்தில் வெப்பம் மாறும், எத்தனை டிகிரி பின்தங்கினால் தாங்கும் என்ற இரண்டும் தெரிந்தால், பின்னதை முன்னதால் வகுத்தால் போதும். பாதுகாப்பு டிரிப்போடு இணைந்த சென்சார்களுக்கு மட்டுமாவது இதைத் தொடங்கலாம்; ஓர் ஆலையில் அவை மொத்தத்தில் சிறு பகுதிதான்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்களும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் கேலிப்ரேஷன் சான்றிதழைக் கேட்கும்போது, பாஸ்டரைசருக்கும் ரியாக்டருக்கும் இந்த ஓர் எண்ணையும் கேட்க வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு மாணவர்களுக்கு 63.2 சதவீதம் என்ற எண் பாடத்தில் வருகிறது. தெர்மோவெல்லோடு ஒரு முறை, வெறும் சென்சாராக ஒரு முறை, அடியைத் தொடாமல் ஒரு முறை என்று அதே பாத்திரத்தில் சென்சாரை அவர்களே அமிழ்த்திப் பார்க்கும்படி செய்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

இங்ஙனம்,
இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.